ரிப்போர்ட் வந்துவிட்டது, யார் பார்த்தது?

கேள்வி: புது வண்ணாரப்பேட்டையில் ஒரு கிளினிக்கின் நிர்வாகத்தைக் கவனிக்கிறேன். டாக்டர்கள் 2 பேர். காலை, மாலை சேர்த்து ஓபியில் 120 பேர் வரை வருவார்கள். கீழ்த்தளத்தில் எங்களுக்கே ஒரு லேப் உண்டு. இரவு 9 மணிக்குப் பூட்டிவிடுவோம். ஒரு மென்பொருள் கம்பெனியிலிருந்து வந்தவர் 'ஏஐ ஏஜென்ட்' வாங்கச் சொல்கிறார். அதுவே போன் எடுக்குமாம், டோக்கன் கொடுக்குமாம், லேப் ரிப்போர்ட்டைப் படித்து நோயாளிக்கு வாட்ஸ்அப்பில் விளக்குமாம், மாத்திரை அளவைக்கூட மாற்றிச் சொல்லுமாம், இன்சூரன்ஸ் பேப்பரும் எழுதுமாம். ரிசப்ஷனில் ஒரு ஆளைக் குறைத்துக்கொள்ளலாம் என்கிறார். போன மாதம் ஒரு அம்மாவுக்குப் பொட்டாசியம் 6.8 என்று இரவு 8.40-க்கு ரிப்போர்ட் வந்திருக்கிறது. மறுநாள் காலை 10 மணி வரை யாரும் பார்க்கவில்லை. கடவுள் புண்ணியத்தில் அவர் பிழைத்துக்கொண்டார். எனக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. இந்த ஏஜென்டை வாங்கலாமா? வாங்கினால் எந்த வேலையை முதலில் கொடுப்பது?
— ஒரு வாசகி, புது வண்ணாரப்பேட்டை

பதில்: வாங்கலாம். ஆனால் அவர் அடுக்கிய வரிசையில் வேண்டாம். அவர் முதலில் சொன்ன போன் எடுக்கும் வேலையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்யும், இதயத் துடிப்பையே கெடுக்கக்கூடிய அந்த 6.8-ஐ முதலில் வையுங்கள். அந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தாலே போட்ட பணம் வீணில்லை.

ஏஜென்ட் என்பது என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பில்லிங் மென்பொருள் யாராவது பட்டனைத் தட்டும்வரை சும்மா இருக்கும். மென்பொருள் முகவர் எனப்படும் ஏஜென்ட் அப்படி இருக்காது. ஒரு இலக்கைப் பிடித்துக்கொண்டு கண்காணிக்கும், தானாக ஒரு காரியத்தைச் செய்யும், அது நடந்ததா என்று பார்க்கும், நடக்கவில்லையென்றால் வேறு வழியில் முயலும். மருத்துவத்தில் இது நேற்று வந்த சங்கதியும் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் நோயாளியைக் கண்காணிக்க, ஸ்டான்ஃபோர்டில் பார்பரா ஹேய்ஸ்-ராத்தின் குழு 1990-களிலேயே 'கார்டியன்' என்ற ஏஜென்டை உருவாக்கியது. இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது மொழி மாதிரி, அதாவது ஏராளமான எழுத்தைப் படித்து, அடுத்து வரும் சொல்லை ஊகித்துப் பேசும் மென்பொருள். அதனால்தான் தமிழில் சரளமாகப் பேசுகிறது. தெரியாததையும் தெரிந்ததுபோலவே பேசுவதும் அதனால்தான். எந்த வேலையை அதனிடம் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது என்று பிரிக்கும்போது இந்த இரண்டாவது குணத்தை மறக்காதீர்கள்.

அந்த இரவைப் படிப்படியாகப் பாருங்கள். ரத்தம் எடுத்தாயிற்று. குழாயில் பார்கோடு ஒட்டியாயிற்று. மெஷின் ஓடி, எண் லேப் மென்பொருளுக்குப் போயிற்று. டெக்னீஷியன் ஒப்புதல் கொடுத்தார், பிடிஎஃப் தயாரானது. இதுவரை எல்லாம் சரி. இதற்குப் பிறகு 'டாக்டர் பார்த்தாரா?' என்று கேட்கும் வேலை யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. தனிப்பட்ட யாரும் தப்புச் செய்யவில்லை. அப்படி ஒரு வேலை இருக்கிறது என்றே எங்கும் எழுதி வைக்கவில்லை. ஏஜென்ட் உட்கார வேண்டிய நாற்காலி அதுதான். காரியம் முடிகிறவரை விடாமல் துரத்துவது. கடைசி நேரத்தில் மனிதருக்கு அசதி வரும், வீட்டு ஞாபகம் வரும், பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருக்கும். இயந்திரத்துக்கு அதெல்லாம் இல்லை.

அமைக்கும்போது முதலில் எல்லை எண்களை உங்கள் 2 டாக்டர்களும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தொடக்கத்துக்குப் பொட்டாசியம் 6.0-க்கு மேல் அல்லது 2.8-க்குக் கீழ், சர்க்கரை 50-க்குக் கீழ் அல்லது 450-க்கு மேல், சோடியம் 120-க்குக் கீழ், ஹீமோகுளோபின் 7-க்குக் கீழ், பிளேட்லெட் 20,000-க்குக் கீழ் என்று வைக்கலாம். டாக்டர்கள் தங்கள் அனுபவத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைப்பார்கள். எண்ணை எல்லையோடு ஒப்பிடும் இந்த வேலையை மொழி மாதிரியிடம் விடவே கூடாது. 'இந்த எண் 6.0-ஐத் தாண்டினால் இதைச் செய்' என்ற பழைய பாணி விதியாகவே எழுதச் சொல்லுங்கள். ஒரே எண்ணுக்கு இன்றைக்கும் நாளைக்கும் ஒரே விடைதான் வர வேண்டும். மொழி மாதிரி, டாக்டருக்குப் போகும் செய்தியை எழுதட்டும். நோயாளியின் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுக்கட்டும். அதோடு அதன் எல்லை முடிகிறது.

எண் எல்லையைத் தாண்டியதும் ஒரே நேரத்தில் 2 காரியம் நடக்க வேண்டும். ஒன்று லேபில். பொட்டாசியம் பொய்யாகவும் உயரும். ரத்த அணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம், வெளியே சீரம் எனப்படும் ரத்தத் தெளிநீரில் இருப்பதைப்போல 20 மடங்குக்கும் மேல். நரம்பு கிடைக்காமல் மெல்லிய ஊசியில் இழுத்து எடுத்தாலோ, குழாயைப் போட்டு உலுக்கினாலோ அணுக்கள் உடைந்து உள்ளிருப்பது வெளியே கொட்டிவிடும். கையை இறுக்கி மூடித் திறக்கச் சொன்னாலும் உயரும். ரத்தத்தைப் பிரிக்காமல் அப்படியே ஃபிரிட்ஜில் வைத்தாலும் உயரும். பொட்டாசியத்தை அணுவுக்குள் இழுத்து வைக்கும் பம்ப் குளிரில் ஓடாது. ஆகவே ஏஜென்ட் டெக்னீஷியனின் திரையில் 3 கேள்விகளை நிறுத்த வேண்டும்: சீரம் சிவந்திருக்கிறதா? எடுத்து எத்தனை நிமிடம் கழித்துப் பிரித்தீர்கள்? மறுபடி ஓட்டிப் பார்த்தீர்களா? நோயாளியின் முந்தைய பொட்டாசியத்தையும், இருந்தால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் பக்கத்திலேயே காட்ட வேண்டும்.

இன்னொன்று டாக்டருக்கு. லேப் பதில் சொல்லட்டும் என்று இதை நிறுத்திவைக்கக் கூடாது. டியூட்டி டாக்டருக்குச் செய்தியும் அழைப்பும் சேர்ந்தே போகட்டும். 10 நிமிடத்தில் பதில் வராவிட்டால் அடுத்த டாக்டருக்கு. இன்னும் 10 நிமிடம் போனால் உங்களுக்கு. நீல டிக் விழுந்தால் பார்த்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. செய்தியைத் திறந்தாலே நீல டிக் விழுந்துவிடும், கவனித்துப் படித்தாரா என்பதை அது சொல்லாது. டாக்டர் ஒரு பட்டனைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: 'உடனே எமர்ஜென்சிக்கு அனுப்பு', 'இப்போதே மறுபடி ரத்தம் எடு', 'நானே பேசுகிறேன்'. தேர்ந்தெடுத்த பிறகும் கோப்பு மூடாது. நோயாளியிடம் மனிதர் ஒருவர் போனில் பேசி, அவர் எங்கே போனார் என்று எழுதிய பிறகுதான் ஏஜென்ட் அந்த வேலையை முடிந்ததாகக் குறிக்க வேண்டும். 6.8 என்பது எந்த நிமிடமும் இதயத் துடிப்பைக் கெடுக்கக்கூடிய எண். உடனே ஈசிஜி எடுக்க வேண்டும். பிரஷருக்கு டெல்மிசார்டன், அதோடு ஸ்பைரனோலாக்டோன், கூடவே சிறுநீரகக் கோளாறு என்று மூன்றும் சேர்ந்த சுகர் நோயாளிகள் உங்கள் ஓபியிலேயே இருப்பார்கள். பொட்டாசியத்தை ஏற்றிவிடும் அந்தச் சேர்க்கை இருந்தால் டாக்டருக்குப் போகும் செய்தியின் முதல் வரியிலேயே அது வர வேண்டும்.

எண்ணை பிடிஎஃப்பிலிருந்து படிக்கும் ஏஜென்டை வாங்காதீர்கள். லேப் மென்பொருளிலிருந்து நேரடியாக, அலகோடு சேர்த்து எடுக்க வேண்டும். காரணம் சொல்கிறேன். மழைக்காலம் வந்தால் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் டெங்குக் காய்ச்சல் வராத வருஷம் கிடையாது. பிளேட்லெட்டை ஒரு லேப் 18,000 என்று அச்சடிக்கும், இன்னொன்று 0.18 லட்சம் என்று அச்சடிக்கும், வேறொன்று 18 என்று போட்டு 'ஆயிரத்தில்' என்று ஓரத்தில் பொடி எழுத்தில் போடும். மூன்றும் ஒரே எண். 0.18 லட்சத்தை 1.8 லட்சமாகப் படித்துவிட்டால், அட்மிட் ஆக வேண்டியவருக்கு 'எல்லாம் நார்மல்' என்ற செய்தி போய்விடும். வெளி லேப் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்புகிறவர்கள் நிறைய. அதை ஏஜென்ட் படித்து விளக்கம் சொல்ல வேண்டாம். டாக்டரின் வரிசையில் வைத்தால் போதும்.

எச்சரிக்கை அதிகமானாலும் ஆபத்துதான். சாதாரண அளவைவிடக் கொஞ்சம் கூடிக் குறைந்த எல்லாவற்றுக்கும் டாக்டரின் போன் அடித்தால், மூன்றாம் நாளே அந்த ஒலியை அணைத்து வைத்துவிடுவார். பிறகு 6.8 வரும்போதும் ஒலிக்காது. டயாலிசிஸ் நோயாளிக்குக் கிரியாட்டினின் 8 என்பது ஒவ்வொரு தடவையும் வரும். அதற்குச் சிவப்பு விளக்கு வேண்டாம். அதே நோயாளியின் பொட்டாசியத்துக்குக் கட்டாயம் வேண்டும். எது பழகிய எண், எது புது ஆபத்து என்று பரிசோதனைவாரியாக டாக்டர்கள் எழுதித்தர வேண்டும். மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலை எடுத்து, எந்த எச்சரிக்கையால் ஒன்றும் நடக்கவில்லையோ அதை நீக்குங்கள்.

அடுத்து, வெளியூர்க் கம்பெனிகள் நம் ஊரில் வந்து தடுக்கி விழும் இடம்: பெயர். அவர்களுடைய மென்பொருள் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று 2 கட்டம் கேட்கும். நம்மிடம் இருப்பது எஸ். லட்சுமி. ஒரே தெருவில் 3 எஸ். லட்சுமி இருப்பார்கள். ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள். ஒரே ஆளுக்கே சீட்டில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து. இனிஷியல் முன்னால் வரும், சில சமயம் பின்னால் வரும், அவசரத்தில் விட்டும் போகும். வயதைக் கேட்டால் 'அம்பது இருக்கும்' என்பார்கள். செல் நம்பர் வீட்டுக்கே ஒன்றுதான், அதுவும் மகனுடையது. இல்லையென்றால் பக்கத்து வீட்டக்காவுடையது. போன் நம்பரையும் பெயரையும் வைத்து இரண்டு கோப்புகளைத் தானாகச் சேர்த்துவிடும் ஏஜென்ட், மாமியாரின் சுகர் ரிப்போர்ட்டை மருமகளின் கோப்பில் கொண்டுபோய் வைக்கும். சேர்ப்பது ஒரு நொடி. பிரிப்பதற்கு ஒரு நாள் ஆகும், அதற்குள் யாராவது தப்பான மாத்திரை சாப்பிட்டிருப்பார்கள்.

எனவே கோப்புகளைச் சேர்க்கும் அதிகாரத்தை ஏஜென்டுக்குத் தராதீர்கள். 'இவை இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம்' என்று அது சொல்லட்டும். ரிசப்ஷனில் இருப்பவர் ஆளைப் பார்த்துக் கேட்டு முடிவு செய்யட்டும். அடையாளத்துக்குக் கிளினிக்கின் ஓபி நம்பர், பிறந்த வருஷம், தகப்பனார் அல்லது கணவர் பெயர், தெரு என்று வாங்குங்கள். மத்திய அரசின் சுகாதாரக் கணக்கு எண்ணான 14 இலக்க ஆபா எண் வைத்திருப்பவர்களிடம் அதையும் கேட்டுப் பதியலாம். ஆபா இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது.

வீட்டுக்கு ஒரே போன் என்பதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. எச்ஐவி, கர்ப்பம், காசநோய் பற்றிய முடிவு எதுவும் செய்தியாகப் போகவே கூடாது. எச்ஐவி நிலையை வெளியிடுவதை 2017-ம் வருடச் சட்டமே தடுக்கிறது. 'டாக்டர் உங்களைப் பார்க்க விரும்புகிறார், நாளை காலை வரவும்' என்ற அளவோடு நிறுத்த வேண்டும். காசநோய் என்று முடிவு வந்தால் அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் தனியார் டாக்டர்களுக்கும் கட்டாயம். நிக்‌ஷய் என்ற அரசின் காசநோய்ப் பதிவுத் தளத்தில் ஏற்ற வேண்டிய விவரத்தை ஏஜென்ட் நிரப்பி வைத்து, ஒருவர் சரிபார்த்து அனுப்பும்வரை தினமும் ஞாபகப்படுத்தலாம். இது ஏஜென்டுக்குக் கொடுக்கத் தகுந்த நல்ல வேலை.

ஞாபகப்படுத்துவது என்றதும் வேளை நினைவுக்கு வருகிறது. ரிவ்யூவுக்கு அழைக்கும் செய்தியைக் கம்பெனிக்காரர்கள் காலை 10 மணிக்கு வைப்பார்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நள்ளிரவுக்கு மேல் ஏலத்துக்கு நிற்கிறவர் அப்போது தூக்கத்தில் இருப்பார். விசைப்படகில் போனவர் பல நாள் கழித்துத்தான் கரை திரும்புவார். நடுக்கடலில் செய்தி போய்ச் சேராது. செய்தி சேரவில்லை என்றால் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று ஏஜென்ட் குறித்துக்கொள்ளும், அது அநியாயம். வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு அழைக்கலாமா என்று முதல் தடவை வரும்போதே நோயாளியிடம் கேட்டுச் சம்மதம் பதிந்து வைக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ஆள் ஊரில் இருப்பார், கையில் காசு இருக்காது. நேரம் பிடிக்கிற கண் பரிசோதனை, கால் பரிசோதனைக்கு அந்த 2 மாதம் நல்ல சமயம். செலவு பிடிக்கிற ஸ்கேனுக்கு நல்ல சமயமில்லை. இதை ஏஜென்ட் தானாகக் கண்டுபிடிக்காது. நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சுகர், பிரஷர் மாத்திரைகள் பலருக்கு வீட்டுக்கே வருகின்றன. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் மாதாமாதம் வாங்குகிறவர்களும் உண்டு. உங்கள் பார்மசியில் வாங்கவில்லை என்பதை வைத்து 'நீங்கள் மாத்திரை சாப்பிடவில்லை' என்று ஏஜென்ட் கண்டிக்கக் கூடாது. அதைவிட மோசம், அங்கே கொடுத்த மெட்ஃபார்மினையும் நீங்கள் எழுதிய வேறு பெயர் போட்ட மெட்ஃபார்மினையும் ஒருவர் சேர்த்தே சாப்பிடுவது. அட்டை வேறு, நிறம் வேறு என்பதால் இரண்டும் ஒன்று என்று அவருக்குத் தெரியாது. ரிவ்யூ செய்தியில் எப்போதும் ஒரு வரி இருக்கட்டும்: 'வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாங்க.' இன்சுலினுக்கு இன்னும் கவனம் வேண்டும். நம் ஊரில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் வருவது 100 யூனிட். 40-க்கான ஊசியும் 100-க்கான ஊசியும் மாறினால் அளவு இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும். இன்சுலின் அளவைப் பற்றி யாராவது கேட்டால் ஏஜென்ட் எண் எதையும் சொல்லாமல் நேராக சிஸ்டருக்கு இணைப்பைக் கொடுக்க வேண்டும்.

இப்போது போன். அதை ஏன் கடைசிக்குத் தள்ளச் சொன்னேன் என்றால், நம் ஜனங்கள் மாரடைப்பை மாரடைப்பு என்று சொல்வதில்லை. 'கேஸ் மாட்டிக்கிச்சு' என்பார்கள். 'வாயுப் புடிப்பு', 'நெஞ்சு கரிக்குது', 'மாரு அடைக்குது', 'ஒரு மாதிரியா வருது, வேர்த்துக் கொட்டுது' என்பார்கள். பக்கவாதத்தை 'வாய் கோணிக்கிச்சு', 'கை சொல்பேச்சு கேக்கல' என்பார்கள். எழுதிப் பழகிய தமிழைக் கற்ற ஏஜென்ட், 'கேஸ் தொல்லை' என்று கேட்டதும் 'நாளை மாலை 6 மணிக்கு டோக்கன் போடட்டுமா?' என்று கனிவாகக் கேட்கும். அந்தக் கனிவுதான் ஆளைக் கொல்லும். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட, தொடங்கியதிலிருந்து நான்கரை மணி நேரம்தான் இருக்கிறது. அதற்குள் ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். உங்கள் பகுதிக்கு ஸ்டான்லி பக்கத்திலேயே இருக்கிறது. டோக்கன் கொடுத்து வீட்டில் உட்காரவைத்தால் அந்த நேரம் போய்விடும்.

போனில் போடுவதாக இருந்தால் இப்படிச் சோதியுங்கள். உங்கள் சிஸ்டர், அட்டெண்டர், ரிசப்ஷனிஸ்ட் மூவரும் உட்கார்ந்து, நோயாளிகள் உண்மையில் பேசுகிற 60 வாக்கியங்களை எழுதட்டும். அதில் 25 அவசர வாக்கியங்கள். தமிழோடு தெலுங்கு கலந்தவை, இந்தி பேசும் தொழிலாளிகள் சொல்பவை எல்லாம் சேரட்டும். பிறகு தெருவில் நின்று, ஆட்டோ சத்தத்தோடு, பல்லில்லாத பாட்டியின் குரலிலும் சேர்த்து அழைத்துப் பாருங்கள். 25-ல் ஒன்று தவறினாலும் போனை அதனிடம் கொடுக்காதீர்கள். சாதாரண வாக்கியத்தை அவசரம் என்று தவறாக எடுத்துக்கொண்டால் பரவாயில்லை, ஒரு சிஸ்டருக்கு ஒரு நிமிடம் வீண், அவ்வளவே. அவசரம் என்று கண்டதும் அது கேள்வி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. '108-ஐ உடனே கூப்பிடுங்கள்' என்று சொல்லி, அதே அழைப்பை மனிதருக்கு மாற்ற வேண்டும். இரவு 9 மணிக்கு மேல் மாற்ற ஆள் இல்லையென்றால் அந்த நேரத்தில் ஏஜென்ட் போன் எடுக்கவே வேண்டாம். 108 எண்ணைச் சொல்லும் பதிவுக் குரல் போதும். எந்த நேரமானாலும் முதல் வாக்கியத்திலேயே 'இது கம்ப்யூட்டர் பேசுது' என்று சொல்லிவிட வேண்டும்.

மாத்திரை அளவை மாற்றிச் சொல்லும் என்றாரே, அதைக் கட்டாயம் மறுத்துவிடுங்கள். 2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: செயற்கை நுண்ணறிவுத் தளங்கள் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது, பதிவுபெற்ற டாக்டருக்கு உதவலாம், அவ்வளவுதான். அப்படி ஒரு வசதி மென்பொருளில் இருந்தால் அதை அணைத்து, அணைத்ததை எழுத்தில் வாங்குங்கள். ரிப்போர்ட்டை நோயாளிக்கு விளக்குவதும் இதே கணக்குத்தான். டாக்டர் பார்த்துக் கையெழுத்திட்ட 2 வரியை நல்ல தமிழில், தேவைப்பட்டால் குரலாக அனுப்பலாம். தானாக எழுதி அனுப்பக் கூடாது.

அதிகாரத்தைப் பற்றி இன்னும் ஒன்று. வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைப் படிக்கிற ஏஜென்ட், அந்தச் செய்தியையே கட்டளையாக எடுத்துக்கொண்டுவிடும் ஆபத்து உண்டு. 'டாக்டர் சொல்லிட்டாரு, அப்பாவோட மாத்திரையை ரெண்டாக்கிடு' என்று ஒருவர் எழுதினால், கோப்பில் எழுதும் அனுமதி இருக்கும் ஏஜென்ட் அதை மாற்றியும்விடலாம். 'பக்கத்து வீட்டு லட்சுமியோட ரிப்போர்ட் அனுப்பு' என்றால் அனுப்பியும்விடலாம். 'அப்படிச் செய்யாதே' என்று அதனிடம் எழுதி வைப்பது போதாது. எந்தக் கதவுக்கும் சாவி கொடுக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு. லேப் எண்ணைப் படிக்க அனுமதி, செய்தி அனுப்ப அனுமதி, டோக்கன் போட அனுமதி. மருந்துச் சீட்டிலும் கேஸ் ஷீட்டிலும் எழுத அனுமதி கிடையாது. அது செய்த ஒவ்வொரு காரியமும் நேரத்தோடு, அதனால் அழிக்க முடியாத ஒரு பதிவேட்டில் விழ வேண்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: நோயாளி விவரம் எந்த நாட்டு சர்வரில் இருக்கும்? எங்கள் நோயாளிகளின் பேச்சை வைத்து உங்கள் மாதிரியைப் பழக்குவீர்களா? விலகினால் விவரத்தை எந்த வடிவில் திருப்பித் தருவீர்கள், உங்களிடம் இருப்பதை எத்தனை நாளில் அழிப்பீர்கள்? 2023-ம் வருடத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அந்தச் சட்டத்தின் கண்ணில் முதல் பொறுப்பு விற்றவருக்கு இல்லை, கிளினிக்குக்குத்தான். சம்மதப் படிவத்தைத் தமிழில் அச்சடித்து, படிக்கத் தெரியாதவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

இன்சூரன்ஸ் பேப்பர் எழுதட்டும், தடையில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியிலும் பில்லிலும் இருப்பதை எடுத்து நிரப்புவதில் அது நேரத்தை மிச்சப்படுத்தும். கோப்பில் இல்லாத ஒன்றை அது எழுதியிருக்கிறதா என்று மட்டும் வரி வரியாகப் பாருங்கள். நோயாளிக்கு இல்லாத நோயை எழுதி அனுப்பினால் பின்னால் அவருடைய பாலிசியே சிக்கலாகும்.

மின்சாரமும் நெட்டும் போகும் நாளுக்கு இப்போதே வழி செய்யுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வட சென்னையில் தண்ணீர் வடியாமல், கரண்டும் செல் சிக்னலும் இல்லாமல் கிடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏஜென்ட் நின்றுபோனால் சத்தமில்லாமல்தான் நிற்கும். எச்சரிக்கை வரவில்லை என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். அதனால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை லேப் திரையில் அது ஒரு பச்சைக் குறி காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் டெக்னீஷியனின் மேஜையில் மணி அடிக்க வேண்டும். மணி அடித்தால் சிவப்பு மையில் எழுதும் நோட்டுப் புத்தகத்துக்கு மாறிவிடுங்கள்: நேரம், ஓபி நம்பர், பெயர், எண், யாரிடம் சொன்னோம், அவர் திருப்பிச் சொன்னாரா. இந்த நோட்டு ஏஜென்ட் ஓடுகிற நாளிலும் லேபில் இருக்கட்டும். இரவு பூட்டும் முன், எல்லை தாண்டியும் இன்னும் மூடப்படாத சிவப்பு ரிப்போர்ட்டுகளின் பட்டியலைத் தாளில் அச்சடித்து ஒருவர் கையெழுத்துப் போட்ட பிறகே சாவி திரும்பட்டும்.

முதல் 4 வாரம் ஏஜென்ட் எதையும் அனுப்பக் கூடாது. 'இப்போது நான் டாக்டரை அழைத்திருப்பேன்' என்று எழுதி மட்டும் வைக்கட்டும். தினமும் மாலையில் அதையும் லேப் நோட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அது விட்டது எது, வீணாகக் கூப்பிட்டிருக்கும் என்பது எது, ஆள் மாறியது எங்கே என்று குறியுங்கள். ஐந்தாம் வாரம் சிவப்பு லேப் எண்களுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். ரிப்போர்ட் தயாரான நேரத்துக்கும் டாக்டர் பட்டனைத் தட்டிய நேரத்துக்கும் இடையில் எத்தனை நிமிடம் என்பதே நீங்கள் மாதாமாதம் பார்க்க வேண்டிய எண். போன மாதம் அது 13 மணி நேரத்துக்கு மேல். அரை மணி நேரத்துக்குள் அது நிலைத்து நின்ற பிறகு ரிவ்யூ ஞாபகமூட்டலைச் சேருங்கள். போனைப் பற்றி 6 மாதம் கழித்து யோசிக்கலாம்.

ரிசப்ஷனில் ஆளைக் குறைக்க வேண்டாம். எந்த எஸ். லட்சுமி எந்த வீடு, எந்த நம்பர் மகனுடையது, யார் கடலில் இருக்கிறார் என்று தெரிந்தவர் அவர்தான். ஏஜென்ட் 'ஆள் கிடைக்கவில்லை' என்று கைவிரிக்கும் இடத்தில் அவர்தான் தெருவுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். டோக்கன் எழுதும் வேலையிலிருந்து அவருக்கு விடுதலை கொடுத்து, சிவப்புப் பட்டியலைக் கையில் கொடுங்கள்.

கம்பெனிக்காரர் அடுத்த முறை டெமோ காட்ட வரும்போது அவருடைய லேப்டாப்பில் அவர் தயார் செய்த உதாரணத்தைப் பார்க்காதீர்கள். இரவு 8.40-க்கு உங்கள் லேபுக்கே வரச் சொல்லுங்கள். எஸ். லட்சுமி என்ற பெயரில் 2 சோதனைக் கோப்புகளை ஒரே செல் நம்பரோடு போட்டு, ஒன்றில் பொட்டாசியம் 6.8 என்று ஏற்றுங்கள். ஒரு டாக்டரின் போனை அணைத்து வையுங்கள். ரவுட்டரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு 5 நிமிடம் கழித்து மறுபடி மாட்டுங்கள். 9 மணிக்குள் சரியான லட்சுமிக்காக, சரியான டாக்டரின் போன் அடிக்கிறதா என்று பாருங்கள்.